மதினியின் இரத்தப் பரிசோதனை

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி ஒருவர்)

நம் கல்லூரியில் ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் இரத்ததான முகாம் நடைபெறுவதை அனைவரும் அறிவீர்கள். சென்ற ஆண்டு முகாமில் நானும் பெயர் கொடுத்திருந்தேன். ஹீமோகுளோபின் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொடுக்கப் போன இடத்தில் ஒரு பழச்சாறு வாங்கிக் குடித்துவிட்டு வந்தவள் என்று தோழியர் இன்றும் கேலி செய்கிறார்கள். அதே வாரத்தில் என் மதினியின் கையிலிருந்து நான்கு குழாய் இரத்தம் எடுத்தார்கள். அது தானம் அன்று. அவருக்குக் குழந்தை பிறக்குமா என்று பார்ப்பதற்காக எடுத்த இரத்தம். அது சொன்ன செய்தியை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டியவள் நான்.

இதை மலருக்கு எழுதலாமா என்று மதினியிடமே கேட்டேன். "எழுதேன். எம் பேரப் போடாத. ஒங்க அண்ணன் பேரையும் போடாத. நீ வாசிச்சுச் சொன்னத மட்டும் மறைச்சிராத" என்றார். மறைக்காமல்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வீரவநல்லூர்ப் பக்கம். கன்னடியன் கால்வாய்ப் பாசனம். அப்பா சம்சாரி, அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறான். மதினி எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து வருடம் முடிந்துவிட்டது. வந்த நாளிலிருந்து பீடித்தட்டு அவர் மடியை விட்டு இறங்கியது இல்லை. இலை வெட்டும்போதும், தூள் வைத்துச் சுருட்டும்போதும், நூல் கட்டும்போதும் அவர் கண் தட்டில் இருக்காது, தெருவில் இருக்கும். எங்கள் தெருவில் அவரைப்போல வேகமாகச் சுற்றுகிறவர்கள் இல்லை. என் தேர்வுக் கட்டணம் இரண்டு முறை அந்தத் தட்டிலிருந்து வந்திருக்கிறது.

திருமணமான மூன்றாம் மாதமே "ஏதும் விசேஷமா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தக் கேள்வியை நம் ஊரில் எவரும் அண்ணனிடம் கேட்டதில்லை. தண்ணீர்க் குழாயடியில், ரேஷன் கடையில், பீடிக் கடையில் எல்லாம் மதினியிடம்தான் கேட்டார்கள். ஆச்சி ஆடிப்பூரத்துக்கு நெல்லையப்பர் கோவிலுக்கு அவரை அழைத்துப் போவாள். காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு நடக்கும். முளைக்கட்டு அன்று அம்மன் மடியில் கட்டிய பயற்றைப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். அதை மதினி நான்கு ஆண்டுகள் வாங்கிச் சாப்பிட்டார். நம்பிக்கையோடு சாப்பிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் எதிர்வீட்டு வளைகாப்பில், சந்தனம் பூச முன்னே போனவரை ஒரு பெரியம்மா தோளில் கை வைத்து, "நீ அங்கன இருந்து பந்தியப் பாத்துக்கோ தாயி" என்று அனுப்பியதை நான் நேரில் பார்த்தேன். மதினி போய்ப் பந்தியைப் பார்த்துக்கொண்டார். புளியோதரை, தயிர்ச்சோறு, எலுமிச்சஞ்சோறு என்று எல்லோருக்கும் அவர் கையால்தான் பரிமாறினார். அதற்கு மட்டும் தடை இல்லை.

'மலடி' என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். 'மலடன்' என்ற சொல்லும் அகராதியில் உண்டு. எங்கள் தெருவில் அதை ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

சென்ற ஆவணியில் சித்தி முன்னின்று, திருநெல்வேலி டவுணில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்ட ஏற்பாடு செய்தாள். அவர் சில பரிசோதனைகளை எழுதிக் கொடுத்து, "தீட்டு வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வந்து இரத்தம் கொடுங்கள்" என்றார். அண்ணனுக்கு அன்று லோடு இருந்தது. விலங்கியல் படிக்கிற பெண் ஆயிற்றே என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். செங்கோட்டைப் பாசஞ்சரில் காருக்குறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை என்று வந்தோம். வயிற்று வலியோடு மதினி சன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் விலகி உட்காரச் சொல்லும் அந்த நாளில்தான் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறார்களே என்று அவருக்கு ஒரு சிரிப்பு. "நல்ல கூத்துட்டி" என்றார்.

அந்த நாளை ஏன் குறிக்கிறார்கள் என்பது அப்போது எனக்கும் தெளிவாகத் தெரியாது. பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையில் முட்டையை வளரச் செய்ய எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்புகிறது. சினைப்பை உடனே செவிசாய்த்தால் அது மெல்லப் பேசுகிறது. செவிசாய்க்காவிட்டால் உரக்கக் கூப்பிடுகிறது. ஆகையால் எஃப்.எஸ்.எச். கூடுதலாக இருந்தால் சினைப்பை தளர்ந்துவிட்டது என்று கொள்வார்கள். சுழற்சியின் தொடக்க நாட்களில் ஈஸ்டிரோஜன் குறைவாக இருப்பதால் அந்தக் குரல் மற்றொன்றோடு கலக்காமல் கேட்கும். தைராய்டைக் காட்டும் டி.எஸ்.எச். சோதனைக்கு நாள் கணக்கு இல்லை. புரோலாக்டினுக்குக் காலை வேளையும் பதற்றமற்ற மனமும் வேண்டும். பதறினால் அதுவே கூடிவிடும். (பாசஞ்சரில் நின்றும் இருந்தும் வருகிற பெண்ணுக்குப் பதறாத மனம் எங்கே கிடைக்கும்?) புரோஜெஸ்டிரோனைப் பார்ப்பது இருபத்தோராம் நாள் என்பார்கள், அது இருபத்தெட்டு நாள் சுழற்சி உள்ளவர்களுக்குத்தான். அடுத்த தீட்டுக்கு ஏழு நாள் முன்பு என்பதே சரியான கணக்கு. அந்த மாதம் முட்டை வெளிவந்ததா என்பதை அது சொல்லும்.

நான்காவது குழாய் ஏ.எம்.எச். என்பதற்கு. அதன் விலை மட்டும் மற்ற மூன்றையும் சேர்த்ததைவிடக் கூடுதல். மதினி சுருக்குப்பையிலிருந்து பணத்தை எண்ணி வைத்தபோது, எத்தனை ஆயிரம் பீடி என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அறிக்கை வந்தது. கல்லூரி விட்டு வரும் வழியில் நானே வாங்கி வந்தேன். எஃப்.எஸ்.எச். இயல்பு, தைராய்டு இயல்பு, புரோலாக்டின் இயல்பு. ஏ.எம்.எச். 0.6 என்றும், அதன் பக்கத்தில் 'குறைவு' என்று கறுப்பு எழுத்தில் அழுத்தமாகவும் போட்டிருந்தது. திண்ணையில் அம்மா, ஆச்சி, சித்தி மூவரும் இருந்தார்கள். "என்னட்டி எழுதியிருக்கு?" என்றாள் அம்மா.

நான் அப்போது எப்படி நின்றேன் என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. வகுப்பில் கருத்தரங்கம் வாசிக்கிறவள்போல நிமிர்ந்து நின்றுகொண்டு, "மத்ததெல்லாம் சரியாயிருக்கு. முட்டைதான் கொறைவா இருக்காம்" என்றேன். ஒரே ஒரு வாக்கியம். அடுப்படி வாசலில் மதினி நின்றதை நான் பார்க்கவில்லை. அன்று இரவுக்குள் 'முட்டை குறைவு' என்பது 'முட்டையே இல்லை' ஆகிவிட்டது. மறுநாள் பீடிக் கடையில் 'கர்ப்பப்பையே இல்லையாம்' என்று ஒருத்தி சொன்னதாக மதினியே வந்து சொன்னார். அந்த வாரக் கடைசியில் சித்தி, அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஒரு பெண் இருப்பதாக அம்மாவின் காதில் ஓதினாள். அம்மா 'சரி' என்று சொல்லவில்லை. 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. மதினியின் தாயார் வந்து, பேசாமல் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். பீடித்தட்டு மட்டும் நிற்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் மதினியின் கண் தெருவில் இல்லை, தட்டிலேயே இருந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. துறையில் ஒரு பேராசிரியையிடம் அறிக்கையின் நகலைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. "தாளில் இருப்பதைச் சரியாகத்தான் படித்திருக்கிறாய். அது எந்தக் கேள்விக்கு விடை என்று பார்க்காமல் படித்துவிட்டாய்" என்றார். பிறகு, "பாபநாசம் அணையின் நீர்மட்டம் பேப்பரில் வருகிறதே, பார்ப்பாயா?" என்று கேட்டார்.

"அப்பா தினமும் பார்ப்பார், மேடம். முழுக் கொள்ளளவு 143 அடி."

"இன்று 60 அடி என்று போட்டிருந்தால் என்ன தெரியும்?"

"அணையில் இருப்பு எவ்வளவு என்று தெரியும்."

"உங்கள் வயலில் இந்தப் பூ நெல் முளைக்குமா என்று தெரியுமா?"

நான் பேசாமல் நின்றேன்.

"ஏ.எம்.எச். அணைக்கணக்கு. சினைப்பையில் சிறு நுண்பைகள் எவ்வளவு இருப்பு உள்ளன என்பதை ஒருவாறு காட்டும். முளைப்பதற்கு மாதம் ஒரு முட்டை போதும். அந்த ஒரு முட்டை நல்லதா, வெளிவந்ததா, குழாயில் வழி இருக்கிறதா, எதிரே வரவேண்டியது வந்ததா என்று ஒன்றையும் இந்த எண் சொல்லாது."

அன்று மாலை முழுதும் அவர் சொல்லிக் கொடுத்தவற்றை இங்கே சுருக்கித் தருகிறேன். பெண் சிசு தாயின் வயிற்றில் ஐந்து மாதம் இருக்கும்போதே அறுபது எழுபது இலட்சம் முட்டை அணுக்களைப் பெற்றிருக்கிறது. பிறக்கும்போது பத்து முதல் இருபது இலட்சம். பூப்பெய்தும்போது மூன்று நான்கு இலட்சம். வாழ்நாளில் வெளிவருவனவோ ஏறத்தாழ நானூறுதான். குறைவது என்பது ஒவ்வொரு பெண்ணுக்கும் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்ட ஒன்று.

ஏ.எம்.எச். என்ற பெயரின் கதை இன்னும் விந்தையானது. 1947இல் பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் முயல் சிசுக்களை ஆராய்ந்து, ஆண் சிசுவின் விரையிலிருந்து சுரக்கும் ஏதோ ஒரு பொருள், கருப்பையாக வளரவேண்டிய முல்லர் நாளத்தை மறையச் செய்கிறது என்று காட்டினார். அதுதான் இது. ஆண் சிசுவிடம் முதலில் அறியப்பட்ட பொருள், இன்று பெண்ணின் கையில் ஊசி குத்திப் பார்க்கப்படுகிறது.

இரத்தத்தில் இருக்கும் இவ்வளவு சிறிய பொருளை அளக்க முடியும் என்று காட்டியவர் ஒரு பெண் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். ரோசலின் யாலோ 1921இல் நியூயார்க்கில் பிறந்தவர், இயற்பியல் படித்தவர். பிராங்ஸ் பகுதியிலிருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், துப்புரவுச் சாமான்கள் வைக்கும் ஒரு சிற்றறையைத்தான் முதல் ஆய்வுக்கூடமாக வைத்துக்கொண்டார். அங்கே சாலமன் பெர்சன் என்ற மருத்துவரோடு சேர்ந்து, 1959-60 ஆண்டுகளில் இன்சுலினை அளக்கும் முறையை வகுத்தார். நமது பாசஞ்சரைக் கொண்டே அதை விளக்கலாம். ஒரு பெட்டியில் இடங்கள் குறிப்பிட்ட அளவுதான். சிவப்புத் தொப்பி போட்ட நூறு பேரை நாமே ஏற்றிவிடுகிறோம். வீரவநல்லூரில் தொப்பி இல்லாத கூட்டம் ஏறி அவர்களோடு இடத்துக்குப் போட்டியிடுகிறது. ஜங்ஷனில் இறங்கும்போது உட்கார்ந்திருந்த சிவப்புத் தொப்பிகளை மட்டும் எண்ணினால், தொப்பி இல்லாதவர் எத்தனை பேர் ஏறினர் என்று கணக்கிட்டுவிடலாம். யாலோ போட்ட தொப்பி கதிரியக்க அயோடின். இன்று பெரும்பாலும் கதிரியக்கம் இல்லாமல், ஒளி வீசும் பொருளைக் கொண்டு அளக்கிறார்கள். கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு என்பதே அவ்வெண்ணின் அலகு. அவ்விருவரும் தம் முறைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. பெர்சன் 1972இல் மறைந்தார். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படி அளந்த எண்ணை எடுத்துக்கொண்டு நான் திண்ணையில் நின்று என்ன செய்தேன் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

2017ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வைப் பேராசிரியை காட்டினார். 30 முதல் 44 வயது வரையுள்ள 750 பெண்கள். குழந்தைக்காக அப்போதுதான் முயலத் தொடங்கியவர்கள். ஏ.எம்.எச். 0.7க்குக் கீழ் இருந்தவர்கள் பன்னிரண்டு சுழற்சிக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு 84 விழுக்காடு என்றும், இயல்பாக இருந்தவர்களுக்கு 75 விழுக்காடு என்றும் கணக்கிட்டிருந்தார்கள். குறைந்தவர்களே மேல் என்று துள்ளிவிடக் கூடாது. புள்ளியியல்படி அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. எண் குறைந்ததால் வாய்ப்புக் குறையவில்லை என்பதே செய்தி. "ஆனால் உன் மதினிக்கு இதை அப்படியே பொருத்தாதே. அவர்கள் புதிதாகத் தொடங்கியவர்கள். உன் மதினிக்கு ஐந்து வருடம் ஆகிவிட்டது. காரணம் வேறு எங்கேயோ இருக்கலாம், தேட வேண்டும்" என்றார். சோதனைக்குழாய் முறைக்குப் போகிறவர்களுக்கு ஊசி மருந்தின் அளவைத் தீர்மானிக்க இந்த எண் உதவும் என்பதையும் சொன்னார். 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கச் செய்த நாளில் இந்தச் சோதனை வழக்கத்திலேயே இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "உன் அண்ணனுடைய அறிக்கை எங்கே?"

அப்படி ஒன்று இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது, அந்தப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, இரண்டாம் நாள் மூன்றாம் நாள் என்ற கணக்கு இல்லை, இரண்டு முதல் ஏழு நாள் விலகி இருந்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும், செலவும் குறைவு. முதல் நாளே செய்யவேண்டிய அதை ஐந்து வருடமாக எவரும் நினைக்கவில்லை. நானும்தான் நினைக்கவில்லை. மூன்றாண்டு விலங்கியல் படித்தவள், இனப்பெருக்க மண்டலத்தைப் பாகம் குறித்துப் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள்.

அன்றிரவு அண்ணனிடம் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "பாக்கலாம், பாக்கலாம்" என்று வண்டியைத் துடைக்கப் போய்விட்டான். அவன் பயந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றிற்று. மறுநாளும் சொன்னேன். "ஒம் படிப்ப ஒன்னோட வச்சுக்கோ" என்றான். அம்மா என்னை அதட்டினாள். வயசுப்பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று ஆச்சி காதைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது பிசானத்துக்கு விதைநெல் பார்க்கிற சமயம். அப்பா எப்போதும் நூறு நெல்லை எண்ணி, ஈரத்துணியில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பார். எண்பதுக்குக் குறைந்தால் அந்த விதையை வாங்கமாட்டார். நான் சொன்னதையெல்லாம் அவர் முற்றத்தில் துணியைப் பிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்போலும். அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது, தலை நிமிராமல் முளையை எண்ணிக்கொண்டே சொன்னார்: "வெதையப் பாக்காம வயலக் கொறை சொல்லுதவன் சம்சாரியால?"

அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்து போனான். (அப்பாவின் உவமை பிழை. பெண் வயல் அல்லள். முட்டையும் பாதி விதைதான். ஆனால் அந்த நேரத்தில் அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.)

எட்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, "ஐகிரவுண்டுல எத்தன மணிக்கு டோக்கன் குடுப்பாக?" என்று அண்ணனே கேட்டான். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவனும் மதினியும் போனார்கள். ஜங்ஷனிலிருந்து டவுண் பஸ்ஸில் மதினிக்கு டிக்கெட் இல்லை; அண்ணனுக்கு மட்டும் உண்டு. "இதுல மட்டும் ஒங்க அண்ணனுக்குச் செலவு" என்று மதினி பிறகு சொல்லிச் சிரித்தார். அங்கே டாக்டரம்மா மதினியின் பழைய அறிக்கையைப் பார்த்துவிட்டு, "இது இருக்கட்டும்மா, ஒன்னும் பயப்படாதே" என்று ஓரமாக வைத்தாராம். மதினிக்கு வேறு சில பரிசோதனைகளையும், அண்ணனுக்கு அந்த ஒரு பரிசோதனையையும் எழுதிக் கொடுத்தாராம்.

அண்ணனுடைய அறிக்கை வந்த அன்றும் அதே திண்ணைதான். அதே மூவர்தான். சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நன்றாக உட்கார்ந்தாள். அண்ணன் உறையைப் பிரித்துத் தாளைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னிடம் நீட்டினான். கை நடுங்கியது.

"வாசிட்டி."

என் கண்ணில் எண்கள் பட்டுவிடக்கூடாது என்று தாளைக் குப்புற வாங்கினேன். "அத டாக்டரம்மாதான் வாசிக்கணும்ண்ணே. வெள்ளிக்கிழம ரெண்டு பேரும் போங்க" என்று திருப்பிக் கொடுத்தேன்.

"அப்ப எதுக்குட்டி ஒன்னப் படிக்க வச்சிருக்கு?" என்றாள் சித்தி.

நான் பதில் சொல்லவில்லை. அடுப்படி வாசலிலிருந்து மதினி வந்தார். அண்ணன் கையிலிருந்த தாளை வாங்கி நான்காக மடித்தார். பீடிப் பாஸ் புத்தகம் வைக்கிற பைக்குள், தம்முடைய அறிக்கை இருந்த இடத்தில் அதையும் சேர்த்து வைத்தார். பிறகு தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்ட உட்கார்ந்தார். கண் தெருவில் இருந்தது.

தாளில் என்ன இருந்தது என்று தோழியர் கேட்கிறார்கள். அது அவர்கள் இருவருடையது. வெள்ளிக்கிழமை காலை வீரவநல்லூர் நிலையத்தில் பாசஞ்சருக்கு அண்ணன் இரண்டு டிக்கெட் எடுத்தான். நானும் அதே வண்டியில்தான் கல்லூரிக்கு வந்தேன். வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன்.